பத்து நாள் சூடும் மின்னோட்டமும் ஏன் நிலைப்பதில்லை: ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு இயன்மருத்துவம்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து ஒரு மகள் தன் தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். தாய்க்கு வயது 52. ஆறு வருடங்களாகக் கழுத்து, தோள், நாரி, தொடை, கணுக்கால் என்று உடம்பு முழுவதும் உளைவு. இரவெல்லாம் நெல் மூட்டை சுமந்தவர் போலக் காலையில் எழும்பும்போதே அலுப்பு. சொல்ல வந்த சொல் நாவில் நிற்காத மறதி. குருதிப் பரிசோதனைகளும் எக்ஸ்ரேயும் ஒவ்வொரு முறையும் வழமையாகவே இருந்தன. சென்ற வருடம்தான் ஒரு வைத்திய நிபுணர் இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்லி, இயன்மருத்துவத்துக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அனுப்பினார். பத்து நாட்கள் சூடு பிடித்து மின்னோட்டம் கொடுத்தார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும் வரை சுகமாக இருந்ததாகவும், இரவானதும் உளைவு பழையபடி வந்துவிட்டதாகவும், பதினோராம் நாள் தாய் போக மறுத்துவிட்டதாகவும் மகள் எழுதுகிறார். அவருடைய கேள்விகள் இரண்டு. பிசியோதெரபியால் இந்த வலி நீண்ட காலத்துக்குக் குறையுமா? திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிச் சென்று வெந்நீர் வார்த்தால் பலன் உண்டா?

மகள், முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறையும். திருகோணமலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இயன்மருத்துவராக வேலை செய்து வருகிறேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் மறுபடியும் சமையலறையில் நின்று வேலை செய்வதையும், கோணேசர் கோயில் ஏற்றத்தை நடந்தே ஏறுவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் வலி முற்றாக இல்லாமற் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு வலி ஓரளவுதான் இறங்குகிறது. அதைவிடக் கூடுதலாக, தூக்கமும் தெம்பும் நாளாந்த வேலைத்திறனும் திரும்புகின்றன. அந்தப் பலன் பத்து நாட்களில் வருவதில்லை, படுத்திருப்பவருக்குப் பிறர் செய்துவிடும் சிகிச்சையாலும் வருவதில்லை. அம்மாவின் உடம்பு தானே செய்யும் அசைவால், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் விடாமல் செய்வதால் மட்டுமே வருகிறது. ஏன் அப்படி என்பது விளங்கிவிட்டால் மற்றவை எல்லாம் எளிதாகும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1904 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் கோவர்ஸ் இப்படிப்பட்ட வலிக்கு ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார். தசைநார்களில் அழற்சி என்பது அதன் பொருள். பிற்காலத்தில் தசையைச் சோதித்துப் பார்த்தவர்கள் அங்கே அழற்சியைக் காணவில்லை. 1970களில் பெயர் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்று மாறியது. ஆனாலும் அந்தப் பெயருக்குள் தசை இன்னும் இருக்கிறது. அதனாலேயே நோயாளிகளும் நாங்களும் நெடுங்காலமாகத் தசையையே பிழிந்துகொண்டிருந்தோம். 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வு, நோயின் இடம் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டியது. பெருவிரல் நகத்தின் மேல் அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது, சுகதேகிகளுக்கு வலிக்கும் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியே ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு அதே அளவு வலியைத் தந்தது. அவர்கள் வாயால் சொன்னது மட்டுமில்லை, வலியை உணரும் மூளைப் பகுதிகளும் அதே அளவு வேலை செய்தன. உங்கள் அம்மா மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நினைக்கும் உறவினர் யாராவது இருந்தால், இந்த ஒரு செய்தியை அவருக்குச் சொல்லுங்கள்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்தவர் குறைக்க மறந்துவிட்டால், ஒலிவாங்கிக்கு அருகில் ஐயர் மெல்ல இருமினாலும் ஊருக்கே கேட்கும். இருமலுக்கு மருந்து கொடுத்து அந்தச் சத்தத்தைக் குறைக்க முடியாது. முள்ளந்தண்டிலும் மூளையிலும் நடப்பது அதுதான். வலிச் செய்திகளைக் கூட்டிவிடும் பாதைகள் விழித்திருக்கின்றன. அவற்றைத் தணிக்கவேண்டிய, மூளையிலிருந்து கீழிறங்கும் பாதைகள் சோர்ந்திருக்கின்றன. இவ்வகை வலியைக் காயவலியிலிருந்தும் நரம்புக் காயத்தால் வரும் வலியிலிருந்தும் பிரித்து, மூன்றாவது வகையாக 2017 இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் ஏற்றுக்கொண்டது. சூடும் மின்னோட்டமும் அம்மாவின் தோளையும் நாரியையும் சென்றடைந்தன. அங்கே சில மணி நேரம் இதம் தந்தன. மேலே கூட்டி வைக்கப்பட்ட சத்தம் அப்படியே இருந்ததால் இரவில் வலி திரும்பியது. அந்தப் பத்து நாட்களில் யாரும் தவறான சிகிச்சை கொடுக்கவில்லை. அதற்குப் பின் நடக்க வேண்டியது நடக்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் குறைக்கக்கூடியவற்றுள் மிக நம்பகமானது உடல் அசைவு. ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் அமைப்பான யூலார் 2017 இல் வெளியிட்ட பரிந்துரைகளில், மருந்துகள் உட்பட எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டு, உறுதியான பரிந்துரை என்ற இடத்தை உடற்பயிற்சிக்கு மட்டுமே கொடுத்தது. அமிட்ரிப்டிலின், பிரிகபாலின், டுலொக்செற்றின் போன்ற குளிசைகள், வெந்நீர்ச் சிகிச்சை, அக்குபங்சர், மனநடத்தைச் சிகிச்சை ஆகிய எல்லாம் அதற்கு அடுத்த படியில்தான் நிற்கின்றன. ஆனால் இங்கேதான் பெரிய சிக்கலும் இருக்கிறது. சுகமாக உள்ளவர் நடந்தாலோ பாரம் தூக்கினாலோ உடம்பு தானாகவே வலியைச் சற்று மரக்கச் செய்யும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பலருக்கு அந்தத் தணிப்பு சரியாக வேலை செய்வதில்லை. அளவு சற்று மிஞ்சினாலும் வலி ஏறிவிடுகிறது. மருந்தும் நஞ்சும் இங்கே ஒரே போத்தலில் இருக்கின்றன. வித்தியாசம் அளவில் மட்டுமே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் அம்மாவின் வயதுடைய ஒருவருக்கு முழங்கால் நோயாளிகளுக்குக் கொடுக்கும் பயிற்சி முழுவதையும் முதல் நாளே கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நம்பினேன். அவர் மூன்று நாட்கள் படுக்கையில் கிடந்தார். அதன் பிறகு வரவே இல்லை. பயிற்சி என்ற சொல்லுக்கே அவர் பயந்திருப்பார் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் வருந்துகிறது. அன்றிலிருந்து எந்த நோயாளிக்கும் முதல் வாரத்தில் பயிற்சி கொடுப்பதில்லை. ஒரு கொப்பியைக் கொடுக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கும் அதையே செய்யுங்கள். அடுத்த மூன்று சாதாரண நாட்களில், அதாவது மிக நல்ல நாளாகவோ மிகக் கெட்ட நாளாகவோ இல்லாத நாட்களில், வலி ஏறத் தொடங்குவதற்கு முன் எத்தனை நிமிடங்கள் நடக்க முடிகிறது, எத்தனை நிமிடங்கள் அடுப்படியில் நிற்க முடிகிறது, திருவலையில் இருந்து தேங்காய் துருவ எவ்வளவு நேரம் முடிகிறது என்பவற்றை அவரோ நீங்களோ குறித்து வையுங்கள். மூன்று நாள் சராசரியை எடுத்து, அதில் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். எட்டு நிமிடம் நடக்க முடிந்தால் தொடக்கம் ஆறு நிமிடம். இந்த ஆறு நிமிடத்தை நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் மாற்றக்கூடாது. கெட்ட நாளில் குறைக்காமல் இருப்பதைவிட, நல்ல நாளில் கூட்டாமல் இருப்பதுதான் கடினம். எங்கள் பெண்கள், உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில், ஒரு வாரத்து உடுப்பைத் தோய்த்து, வீடு முழுவதும் கூட்டி, பின்னேரம் இடியப்பமும் அவித்துவிடுவார்கள். அடுத்த மூன்று நாட்கள் எழும்ப முடியாது. இப்படி ஏறியும் விழுந்தும் போகும் ஓட்டத்தால் நரம்புத் தொகுதி ஒருநாளும் அமைதியடைவதில்லை. ஆகவே வேலையைத் துண்டு போடுவதும் சிகிச்சையே: பத்து உடுப்பு இன்றைக்கு, பத்து நாளைக்கு, தேங்காய்ப் பாதி துருவியதும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் தோளைச் சுழற்றிவிட்டு மீதிப் பாதி.

ஒரே அளவை இரண்டு வாரங்கள் செய்து, உடம்பு அதை ஏற்றுக்கொண்டால், பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். பயிற்சிக்குப் பின் கொஞ்சம் உளைவு கூடுவது இயல்பானதே, ஆபத்தானது அன்று. இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 0 முதல் 10 வரையான அளவில் வலி இரண்டு படிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது மறுநாளும் இறங்காமல் நின்றாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். நிறுத்த வேண்டாம், முந்திய அளவுக்கு இறங்குங்கள். நடையின் வேகத்தை அறிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பக்கத்தில் வருபவருடன் மூச்சு வாங்காமல் முழு வசனத்தில் கதைக்க முடிய வேண்டும். இப்படிப் படிப்படியாக 20 முதல் 30 நிமிடம் வரையான நடையை வாரத்தில் மூன்று நாட்கள் என்ற இடத்துக்குக் கொண்டுவர ஆறு, எட்டு மாதங்கள் எடுத்தாலும் பரவாயில்லை. ஆறு வாரத்துக்கு முன் பலனைத் தேட வேண்டாம்.

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். வைத்தியர் நடக்கச் சொன்னார் என்றவுடன் உப்புவெளிக்கும் டச்சு விரிகுடாவுக்கும் போய் மணலில் நடக்கத் தொடங்குபவர்களைக் காண்கிறேன். காய்ந்த, கால் புதையும் மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் கூடிய சக்தி செலவாகிறது. கெண்டைக்காலும் நாரியும் அந்தக் கூடுதற் சுமையைத் தாங்க வேண்டும். கடற்கரைதான் மனதுக்கு இதம் என்றால், அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடக்கலாம். தம்பலகாமத்தில் வயல் வரப்பைவிட வீட்டு முற்றமும் வீதியும் நல்லவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்போ, வெயில் இறங்கிய பிறகோ நடக்க வேண்டும். வெக்கையில் வரும் களைப்பை நோயின் களைப்பு என்று நினைத்து நடையைக் கைவிட்டவர்கள் உண்டு. மாரியில் மழை விடாத நாட்களில் விறாந்தையில் நடந்தால் போதும். கார்த்திகை, மார்கழியில் வலி கூடுகிறது என்று அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் ஈரமும் குளிரும் மட்டும் வருவதில்லை, நடையும் நின்றுவிடுகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடை ஓரளவு நிலைபெற்ற பிறகு, ஐந்தாறு வாரம் கழித்து, தசைக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியைத் தொடங்கலாம். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பாரம் தூக்கினால் வலி கூடும் என்ற பயம்தான் காரணம். சுவீடனில் 130 பெண்களை வைத்து நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவராலும் தூக்கக்கூடிய உச்ச அளவில் 40 சதவீதத்திலிருந்து தொடங்கி, வாரம் இருமுறை, 15 வாரங்கள் மெல்ல மெல்லக் கூட்டியபோது, பலம் மட்டுமல்லாமல் வலியும் நாளாந்த நிலையும் முன்னேறின. வீட்டில் இதற்கு ஜிம் தேவையில்லை. கைப்பிடியில்லாத கதிரையில் இருந்து மெல்ல எழும்பி மெல்ல இருப்பது ஐந்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது ஐந்து முறை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஏறக்குறைய அரைக் கிலோ என்பதால், அதைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது ஐந்து முறை. வாரத்தில் இரண்டு நாட்கள், இடையில் குறைந்தது இரண்டு நாட்கள் ஓய்வு. பாரத்தைத் தூக்கிய நிலையில் அசையாமல் பிடித்து வைத்திருக்கும் பயிற்சிகளைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு அவை வலியைத் தூண்டுவதைக் கண்டிருக்கிறேன். இரண்டு அசைவுகளுக்கு நடுவே தசைக்குத் தளர்ந்து மூச்சுவிட நேரம் கிடைக்க வேண்டும்.

தசையை நீட்டும் பயிற்சி மட்டுமே போதும் என்று நினைக்க வேண்டாம். காலை இறுக்கத்துக்கு அது துணை, அவ்வளவே. மெதுவான அசைவும் மூச்சும் ஒன்றாகச் செல்லும் பயிற்சிகளைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 226 பேரை வைத்து நடந்து 2018 இல் வெளியான ஆய்வில், சீனத்துத் தாய்ச்சிப் பயிற்சி மூச்சையும் இதயத்துடிப்பையும் கூட்டும் வழமையான ஏரோபிக் பயிற்சிக்குக் குறையாமல், சில வகையில் அதற்கு மேலாகவும் பலன் தந்தது. 12 வாரம் செய்தவர்களைவிட 24 வாரம் செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். எங்கள் பக்கத்தில் தாய்ச்சி கற்றுத் தருபவரைத் தேடி அலைய வேண்டாம். மெதுவாகச் செய்யும் யோகாசனம், மூச்சைக் கவனித்தபடி கைகால்களை உயர்த்தி இறக்கும் எளிய அசைவுகள் ஆகியவற்றின் தன்மையும் அதுவே. யாராவது இறுக்கி வளைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

இனிக் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு சூடு. இராவணன் தன் தாயின் ஈமக்கிரியைக்காக உண்டாக்கியவை என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் இடம். அங்கே போய் வந்த பிறகு உடம்பு லேசாக இருந்ததாக என்னிடம் சொன்னவர்கள் பலர். அதை நான் நம்புகிறேன். சூடு தசையைத் தளர்த்தும், மனதுக்கு அமைதி தரும், அன்றைய தூக்கத்துக்கும் உதவும். ஆனால் வெளிநாடுகளில் ஆராயப்பட்டு நல்ல பலன் தந்த வெந்நீர்ச் சிகிச்சை வேறு வகையானது. அது ஏறக்குறைய 33 பாகை செல்சியஸ் சூடான தடாகத்தில் மார்பளவு நீரில் நின்று அரைமணி, முக்கால்மணி நேரம் பயிற்சி செய்வது. இடுப்பளவு நீரில் உடல் பாரம் பாதியாகக் குறைகிறது. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு வருகிறது. நீரின் தடை எல்லாத் திசையிலும் மென்மையாக எதிர்க்கிறது, சூடு வலியைத் தணிக்கிறது. தரையில் ஐந்து நிமிடம் நடக்க முடியாதவர் அங்கே இருபது நிமிடம் நடக்கிறார். கன்னியாக் கிணறுகள் வாளியால் அள்ளி வார்ப்பதற்கானவை. இறங்கி நடக்க அங்கே இடமில்லை. ஆகவே கன்னியாவிலிருந்து கிடைப்பது சூடு மட்டுமே. அதை வீணாக்காமல், வார்த்து முடித்த அரைமணி நேரத்துக்குள் அன்றைய ஆறு நிமிட நடையைச் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் வெந்நீர் வார்த்துவிட்டு நடந்தாலும் அதே பலன்தான், அலைச்சலும் இல்லை. அம்மாவுக்கு நீரிழிவு இருந்து பாதம் மரத்துப்போயிருந்தால், தண்ணீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பிறகே வார்க்க வேண்டும்.

தடாகத்துக்கு ஈடாக எங்களுக்குக் கடல் இருக்கிறது. சித்திரைக்குப் பிறகு ஆவணி வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தண்ணீர் 28, 29 பாகை அளவில் இருப்பதால் சிகிச்சைத் தடாகத்தின் சூடு இல்லாவிட்டாலும் நடுங்க வைக்காது. காலை வேளையில், துணைக்கு ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, இடுப்பளவு நீரில் கரைக்குச் சமாந்தரமாக ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் நடப்பது போதும். வெளியே வந்ததும் ஈர உடுப்போடு காற்றில் நிற்க வேண்டாம். அந்தக் குளிர்ச்சியே மாலையில் வலியைக் கொண்டுவந்துவிடும். ஐப்பசி முதல் தை வரை கடலுக்கு இறங்கவே கூடாது. சுற்றுலாப் பயணிகள் நிறைந்த கரையில் இறங்க எங்கள் பெண்கள் கூச்சப்படுவதை அறிவேன். கூச்சத்தோடு, உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்பதால் பலன் இல்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து, ஆளில்லாத நேரத்தில் போவதுதான் வழி.

இயந்திரங்களைப் பற்றி. அம்மாவுக்கு மின்னோட்டம் கொடுத்தது, தோலின் வழியாக நரம்புகளுக்கு மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் டென்ஸ் என்ற கருவியாக இருக்கலாம். அமெரிக்காவில் 301 பெண்களை வைத்து நடந்து 2020 இல் வெளியான ஆய்வில், அந்தக் கருவியைப் பொருத்திக்கொண்டு வேலை செய்தபோது, அசையும்போது வரும் வலி குறைந்தது. ஓய்வில் படுத்துக்கொண்டு மின்னோட்டம் பெறுவதைவிட, அதைப் போட்டுக்கொண்டு நடப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. மசாஜுக்கும் சித்த வைத்தியத்து எண்ணெய்ப் பூச்சுக்கும் இதே விதி பொருந்தும். மென்மையான தடவலும் நொச்சியிலை ஒத்தணமும் நல்லவை, நடைக்கு முன்போ தூக்கத்துக்கு முன்போ வைத்துக்கொள்ளலாம். ஆனால் முடிச்சை உடைக்கிறேன் என்று முழங்கையால் அழுத்துபவரிடம் போக வேண்டாம். பாதி அழுத்தமே முழு வலியாகும் உடம்பு அது.

தூக்கத்தைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது போன்றது. 1975 இல் கனடாவின் ஹார்வி மொல்டொஃப்ஸ்கியும் அவருடைய குழுவினரும், சுகமாக உள்ள இளைஞர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் சில இரவுகள் குழப்பியபோது, அவர்களுக்கே உடம்பு உளைவும் அலுப்பும் தொட்டால் வலியும் வந்தன. எழும்பும் நேரத்தை ஒவ்வொரு நாளும் ஒன்றாக வைப்பது, பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துவது, பின்னேரத் தேநீரைக் குறைப்பது, படுக்கைக்கு முன் பத்து நிமிடம் மெல்ல மூச்சு இழுத்து அதைவிட மெல்ல விடுவது ஆகியவற்றைப் பழக்குங்கள். குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவில் எடுக்கும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற குளிசையை வைத்தியர் தந்திருந்தால் அதைப் பயந்து நிறுத்த வேண்டாம். பயிற்சிக்கு உடம்பைத் தயார்ப்படுத்த அது உதவும். ஸ்டெரொயிட் இந்த நோய்க்கு மருந்தன்று.

பெயர் சொல்லப்பட்டுவிட்டது என்பதற்காக எல்லா வலியையும் அந்தப் பெயரில் போட்டுவிடவும் கூடாது. மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, கைகால் பலவீனம், மலசலக் கட்டுப்பாடு இழப்பது, புதிதாக ஓரிடத்தில் மட்டும் நிலைத்து நிற்கும் வலி ஆகியவை வேறு நோயின் அடையாளங்களாக இருக்கலாம்; உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தைரொயிட் பரிசோதனை செய்திருக்கிறதா என்று பாருங்கள். 2006 இன் இறுதியில் சிக்குன்குன்யா எங்கள் கிழக்கிலும் பரவியது. அந்தக் காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி மாதங்களாகவும் வருடங்களாகவும் நீண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வலி எப்போது, எந்தக் காய்ச்சலுக்குப் பின் தொடங்கியது என்பதையும் வைத்தியரிடம் சொல்வது நல்லது.

இன்னொன்றையும் எழுத வேண்டும், அதைச் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் 52 வயதுப் பெண் ஒருவர் கடந்து வந்த காலத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்வும், ஆட்களை இழந்ததும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இந்த உடம்புகளின் மேல்தான் நடந்தன. நீண்ட காலப் பயமும் துயரும் வலியைத் தணிக்கும் பாதைகளைச் சோர்வடையச் செய்கின்றன என்பதும், அப்படி வாழ்ந்தவர்களிடையே உடல் முழுவதுமான வலி கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் உண்மை. இதைச் சொன்னவுடன், அப்படியென்றால் வலி மனதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு, அது நோயாளியைக் காயப்படுத்துகிறது. வலி உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் அம்மா கதைக்க விரும்பினால் கேட்க ஒருவர் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் உளநல வைத்தியரிடம் போவதற்கும் வெட்கப்படக்கூடாது. வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடாதவை இரண்டு: “சும்மா இருந்தால் எல்லாம் வலிக்கும்” என்று குத்திக் கதைப்பது ஒன்று, பாசத்தால் எல்லா வேலையையும் பறித்து அவரைப் படுக்கையில் இருத்திவிடுவது மற்றது. இரண்டாவதை நல்ல பிள்ளைகள்தான் செய்கிறார்கள். அம்மாவின் வேலையைப் பறிக்காமல், பாதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும், வழமையான கெட்ட நாளையும் மீறி வலி பொங்கி எழும் நாட்கள் வரும். ஒரு கலியாண வீடு, ஒரு செத்த வீடு, இரண்டு இரவு தூக்கமின்மை போதும். அந்த நாட்களுக்கான திட்டத்தை இப்போதே எழுதி வையுங்கள்: நடையைப் பாதியாக்குவது, பலப் பயிற்சியை இரண்டு நாட்கள் விடுவது, சூட்டு ஒத்தணம், மெதுவான மூச்சு, மூன்றாம் நாள் பழைய அளவின் முக்கால்பங்கு, ஒரு வாரத்தில் பழைய அளவு. முற்றாகப் படுத்துவிட்டால் ஒரே வாரத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்து, திரும்ப ஏறுவது நீளும்.

பத்து நாட்கள் தொடர்ந்து பஸ்ஸில் வந்துபோகும் முறையை மாற்றும்படி உங்கள் இயன்மருத்துவரிடம் கேளுங்கள். தம்பலகாமத்திலிருந்து நாள்தோறும் குலுங்கி வருவதே அம்மாவுக்கு அளவு மிஞ்சிய வேலை. அரச வைத்தியசாலையில் இந்தச் சேவை இலவசம்தான், ஆனால் நோயாளிகள் நிறைய, நேரம் குறைவு, கேட்டால்தான் கிடைக்கும். எனக்கு இயந்திரம் வேண்டாம், வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியைக் கற்றுத் தாருங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டுகிறேன், அளவை நீங்கள் கூட்டித் தாருங்கள் என்று அம்மாவே சொல்லலாம். போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள்: நடந்த நிமிடம், தூங்கிய மணி, 0 முதல் 10 வரை வலி, அன்றைக்குச் செய்த பெரிய வேலை எது என்ற நான்கு வரிகள் நாளுக்கு நாள் எழுதப்பட்டிருந்தால் போதும். கொப்பியின் முதற் பக்கத்தில், அம்மா மறுபடி செய்ய ஆசைப்படும் ஒரு வேலையை அவருடைய வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். பயிற்சியின் அளவை அதை வைத்துத்தான் அமைக்க வேண்டியிருக்கும்.